நீல டேங்க்கில் ஒரு தமிழ் எழுத்து

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேவதி, மயூர் விஹாரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெறுவதற்கு முன் நான் பார்த்த வேலையை இப்போது அவர்தான் பார்க்கிறார். புது தில்லியில் அரசு அதிகாரிகள் குடியிருக்கும் பங்களாக்களின் வீட்டுத் தோட்டங்களைக் கவனிக்கும் செக்‌ஷன் ஆபீசர் வேலை. இருபது மாலிகள், முப்பது தோட்டங்கள், ஒரு நர்சரி, அதன் மூலையில் ஒரு ஸ்டோர் ரூம். தோட்டக்காரரைத்தான் இங்கே மாலி என்பார்கள்.

ரேவதி தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழில் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பென்சிலால் ஏதோ வரைந்திருந்தார்.

“சார், இது தமிழ் எழுத்தா? ஸ்டோர்ல மருந்தடிக்கிற டேங்க் மேல இது இருக்கு. பூச்செடிக்கு அடிக்க, இது இல்லாத டேங்க்க பழைய மாலிங்க ரெண்டு பேர் தோள்ல போடவே மாட்டேங்கறாங்க. ஏன்னு கேட்டா, சிவ்ராம் சௌத்ரி அப்படித்தான் சொல்லிட்டுப் போனாருங்கறாங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சுழி கொஞ்சம் கோணலாக இருந்தாலும் சந்தேகமில்லை. ‘பூ’ என்று எழுதியிருந்தது. டேங்க்கில் எழுதியவர் தமிழ் தெரியாதவர். அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கத்தான் வாயெடுத்தேன், சிரிப்பு வரவில்லை. என் மனைவி காமாட்சி காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, “அந்தக் கதையச் சொல்லுங்க, புள்ள தெரிஞ்சுக்கட்டும்” என்றாள். சொன்னேன். ரேவதி போகும்போது, இதை எழுதி வையுங்கள் சார் என்றார். அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். தோட்டக்கலையில் ஒரு டிப்ளமா வாங்கிவிட்டு தில்லிக்கு ரயிலேறியவன். மல்லிகை விளையும் மண்ணில் பிறந்தவனுக்கு எவன் வந்து என்ன சொல்லித் தருவது என்ற திமிர் நிறைய இருந்தது. அந்தத் திமிரை முதலில் அடக்கியது தில்லிக் குளிர்தான். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்குத் தரைத்தள வீடு, முன்னால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண். காமாட்சி ஊரிலிருந்து கொண்டு வந்த மல்லிகைப் பதியன்களை அதில் வைத்திருந்தாள். ஊர் வழக்கப்படி கார்த்திகை கடைசியில் நான் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தேன். புதுத் துளிர் அழகாகக் கிளம்பியது. ஜனவரியில் மூன்று நாள் பனி இறங்கியது. துளிர் எல்லாம் தீயில் காட்டின மாதிரி கறுத்துப் போயிற்று. “நெலக்கோட்டைக் காலண்டர தில்லியில மாட்டினா இப்படித்தான்” என்று காமாட்சி சொன்னாள். அந்த வருஷம் அவளுக்குச் சித்திரையில் வீட்டுப் பூ கிடைக்கவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாடிய சரத்தை வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

தில்லியில் தோட்டக்காரனுக்கு வருஷம் பிறப்பது செப்டம்பர் கடைசியில். மழை ஓய்ந்து, காலையில் காற்று லேசாக மாறும். அப்போது பெட்டூனியா, ஃப்ளாக்ஸ், பான்ஸி விதைகளை நாற்றங்காலில் தூவ வேண்டும். விதை தூசி மாதிரி இருக்கும், தும்மினால் ஒரு வீட்டுத் தோட்டமே பறந்துவிடும். அக்டோபர் இரண்டாவது வாரம் ரோஜாக் கவாத்து. நவம்பரில் நாற்று நடவு, சாமந்திக்கு முட்டுக் கொடுப்பது. ஜனவரியில் பனிக்குப் பயந்து மாலையிலேயே நீர் பாய்ச்சி, மென்மையான செடிகளுக்கு வைக்கோல் தட்டி கட்டுவது. இவ்வளவு பாடும் பிப்ரவரி, மார்ச் என்ற இரண்டு மாதத்துக்காக. அந்த நாட்களில் எந்த வீட்டு வாசலில் எட்டிப் பார்த்தாலும் மனசு நிறைந்துவிடும். ஏப்ரல் நடுவில் எல்லாம் காய்ந்து சருகாகும், மே மாத அனல் காற்றில் மிச்சமும் போகும். அழுவதற்கு நேரமிருக்காது, ஜினியாவுக்குப் பாத்தி கொத்த வேண்டும். மழை வந்ததும் வேலிச் செடிகளுக்குக் கத்திரி, காகிதப்பூவுக்குக் குச்சி நடவு. இத்தனை முறை அழித்து இத்தனை முறை திருப்பிக் கொடுக்கும் ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இப்போது பூத்த தொட்டிகளே லாரியில் வந்து இறங்கி, வாடியதும் திரும்பிப் போய்விடுகின்றனவாம். அதிலும் தப்பில்லை, எப்படி வந்தாலும் பூ பூதான். ஆனால் ரோஜாவும் புதரும் லாரியில் வந்து போகாது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு உதவி இயக்குநராக ஹர்ப்ரீத் மேடம் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். என் பெயர் சௌந்தரபாண்டியன். அதைச் சுருக்கி, வளைத்து, பாண்டே ஜி என்று ஆக்கி ஆபீஸ் முழுக்க வட இந்தியப் பண்டிதரைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்கள். நானும் பழகிவிட்டேன். மேடம் முதல் நாள் என் பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, அன்றிலிருந்து பாண்டியன் ஜி என்றுதான் கூப்பிட்டார். தினக்கூலி மாலியைக்கூட ‘ஆப்’ என்று மரியாதையாகத்தான் அழைப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. காலை ஏழரைக்கு ஏதாவது ஒரு தோட்டத்தில் நிற்பார். பங்களாக்காரர்கள் வராந்தாவில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். டீ கொடுத்தால் நின்றபடியே குடிப்பார். கைப்பையில் நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அதை மண்ணில் செருகி இழுத்து, ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்ப்பார். நான்கு விரல்கடைக்கு மேல் காய்ந்து வந்தால் அதை நம்மிடம் காட்டுவார், ஒன்றும் சொல்ல மாட்டார். காட்டுவதே போதும்.

அதே கைப்பையில் சிவப்புக் கம்பளி நூல் துண்டுகளும் இருக்கும். குளிர்காலத்தில் மதிய இடைவேளையில் புல்தரையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னும் கூட்டத்தில் அவரும் உண்டு. அதில் மிஞ்சிய நூல். அவர் கீழ் வேலை பார்த்தவர்கள் எந்தப் புதரையும் ரோஜாவையும் பார்த்த அன்றே வெட்டக் கூடாது. கத்திரியைப் பையில் வைத்துக்கொண்டு, செடியைச் சுற்றி வர வேண்டும். எந்தக் கிளை போக வேண்டும் என்று தோன்றுகிறதோ அதில் ஒரு நூலைக் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும். மறுநாள் காலை, முந்தின நாள் நின்றதற்கு எதிர்ப்பக்கம் நின்று பார்க்க வேண்டும். கட்டியதில் நாலில் ஒரு நூலையாவது அவிழ்த்துவிடுவோம். மிச்சத்தைத்தான் வெட்ட வேண்டும், வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக. வெட்டிய வாயில் மருந்துப் பசை தடவ வேண்டும். தர்காவில் வேண்டுதலுக்குக் கட்டின மாதிரி இருக்கிறது என்று மாலிகள் சிரித்தார்கள். வேலை இரட்டிப்பாகிறதே என்று நான் முறையிட்டேன். மேடம் கேட்டார், “வெட்டினத ஒட்ட வைக்க உங்ககிட்ட ஏதாவது இருக்கா?” இரண்டாவது குளிர்காலத்தில் அந்த ரோஜாக்களைப் பார்த்தபோது, நான் அதுவரை கவாத்து என்று செய்ததெல்லாம் முடி வெட்டும் வேலை என்று புரிந்தது.

இனி அந்த டேங்க் விஷயம். எங்கள் ஸ்டோர் ரூமில் மருந்தடிக்கிற டேங்க் இரண்டு, முதுகில் மாட்டிக்கொள்ளும் நீல பிளாஸ்டிக் டேங்க். ஒன்று பூச்செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்க. இன்னொன்று புல்தரையில் முளைக்கும் அகல இலைக் களைகளுக்குக் களைக்கொல்லி அடிக்க. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே அச்சு. நான் வெள்ளை பெயின்ட்டில் ஒன்றில் ‘பூ’ என்றும் மற்றதில் ‘களை’ என்றும் எழுதி வைத்திருந்தேன், தமிழில். டேங்க் மட்டுமில்லை, ஸ்டோரில் இருந்த டப்பா, சாக்கு, விதைப் பெட்டி எல்லாவற்றிலும் தமிழ்தான். பக்கத்து செக்‌ஷன் ஆட்கள் கேட்காமல் எடுத்துப் போவதைத் தடுக்க என்று காரணம் சொல்வேன். உண்மைக் காரணம் வேறு. நான் இல்லாமல் அந்த ஸ்டோரில் ஒரு டப்பாகூட அசையாது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மாலிகள் இடம் பார்த்து எடுப்பார்கள். வலது பக்கம் பூ, இடது பக்கம் களை.

மாலிகளில் சிவ்ராம் என் வயதுக்காரர். கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். ஹிந்தியே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் ரோஜாவைத் தொட்டால் அது பூக்கும். பன்னிரண்டு வருஷமாகத் தினக்கூலி. அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில், பழைய தினக்கூலிக்காரர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் மேலே போக இருந்தது. அதில் அவர் பெயர் இருந்தது. இவர் மேல் எந்தப் புகாரும் இல்லை என்று செக்‌ஷன் ஆபீசர் எழுதித் தர வேண்டும். அதாவது நான்.

அவர் பார்த்து வந்த தோட்டங்களில் பெரியது மாத்துர் சாகிப் வீடு. மூத்த அதிகாரி, முன்கோபி, ரோஜாப் பைத்தியம். ஐம்பத்து மூன்று ரோஜாச் செடிகள், ஒவ்வொன்றும் அவரே தேடி வாங்கியவை. ஆபீஸ் காரில் ஏறும் முன் பத்து நிமிஷம் அவற்றின் நடுவே நடப்பார். டிசம்பர் கடைசியில் அவருக்கு ஓய்வு. வீட்டைக் காலி செய்யும் முன் கடைசி முறையாக அவற்றைப் பூத்துப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாள், உதிரும் நிலையில் இருந்த நாலு பூக்களை சிவ்ராம் சாமி படத்துக்கு என்று பறித்துக்கொண்டார். அதற்காக சாகிப் அவரை வாசலில் நிற்க வைத்துத் திட்டினார். திருடன் என்ற வார்த்தையும் வந்துவிட்டது. சிவ்ராம் பூக்களை வராந்தாப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் மழையில் ஸ்டோர் கூரை ஒழுகியது. நான் டேங்க் இரண்டையும் கீழே இறக்கி, பலகையைத் துடைத்துவிட்டு, திருப்பி வைத்தேன். களை டேங்க்கை முந்தின நாள்தான் ஒரு புல்தரைக்குப் பயன்படுத்தியிருந்தோம். ஒரே ஒரு முறை தண்ணீர் விட்டு அலசியிருந்தேன். அது நாலைந்து முறை சோடா போட்டுக் கழுவ வேண்டிய சாமான். மறுநாள் ஊரிலிருந்து மச்சினர் வருகிறார் என்று நான் லீவு. சாவியை சிவ்ராமிடம் கொடுத்து, மாத்துர் சாகிப் ரோஜாவுக்குப் பூச்சிமருந்து அடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

எட்டாம் நாள் சாகிப்பிடமிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தேன். ரோஜாத் துளிர்கள் எல்லாம் குடைக் கைப்பிடி போல வளைந்து தொங்கின. இலைகள் ஒல்லியாகி முறுக்கிக்கொண்டிருந்தன. ஏதோ பூச்சியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு நேராக ஸ்டோருக்கு வந்தேன். வலது பக்கம் இருந்த டேங்க்கில் ‘களை’ என்று இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். அந்த மருந்து நெடி மூக்கில் ஏறியது. மழையன்று இடம் மாற்றி வைத்தது நான்.

அப்போது நான் செய்ததை எழுத இன்றும் வெட்கமாக இருக்கிறது. இரண்டு டேங்க்கையும் அதனதன் பழைய இடத்தில் மாற்றி வைத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாளே சாகிப்பின் புகார் எழுத்தில் வந்துவிட்டது. திட்டியதற்குப் பழிவாங்க மாலி வேண்டுமென்றே செடிகளுக்கு விஷம் வைத்துவிட்டான் என்று. பட்டியல் மேலே போக ஆறு நாள்தான் இருந்தது.

என்ன அடித்தீர்கள் என்று சிவ்ராமைக் கேட்டேன். அவருக்கு எப்போதும்போல ஒரே பதில். “நீங்க சொன்ன மருந்து, நீங்க சொன்ன அளவு, வலது பக்க டேங்க், பாண்டே ஜி.” என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். இருபது வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பெருமை என் வாயை அடைத்துக்கொண்டது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. காமாட்சி விடாமல் கேட்டதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “பன்னெண்டு வருசமா நீங்க காட்டுன பக்கந்தானங்க அந்தாளு எடுத்தாரு” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

மறுநாள் ஏழரை மணிக்கு மேடம் மாத்துர் சாகிப் தோட்டத்துக்கு வந்தார். சாகிப் வராந்தாவிலிருந்து சத்தமாகப் பேசிக்கொண்டே இறங்கினார். மேடம் வணக்கம் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் பார்க்கிறேன் என்றார். எந்தச் செடியையும் தொடவில்லை. முதலில் ரோஜாக்களின் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். பிறகு குனிந்து செடிகளின் அடியைப் பார்த்தார். அடியில் புல் பச்சையாக, நிமிர்ந்து இருந்தது. புல்லுக்கு நடுவே முளைத்திருந்த கீரைச் செடிகள் மட்டும் ரோஜாவைப் போலவே முறுக்கிக்கொண்டிருந்தன. சுவரோரம் இருந்த காகிதப்பூப் புதரிடம் போனார். அதில் ஓர் ஆள் தோள் உயரம் வரை துளிர்கள் வளைந்திருந்தன, அதற்கு மேல் ஒன்றுமில்லை. எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. பூச்சியோ நோயோ புல்லை விட்டுவிட்டு இலைச் செடிகளை மட்டும் பொறுக்காது, தோள் உயரத்தில் கோடு போட்டு நிற்காது.

“களைக்கொல்லி” என்றார் மேடம்.

நான் சொல்லவில்லையா என்று சாகிப் கையை ஓங்கினார். மேடம் அதே குரலில் சொன்னார், “கெடுக்கணும்னு நினைச்சு அடிச்சிருந்தா முழு மருந்து அடிச்சிருப்பாங்க சாகிப். இந்நேரம் எல்லாம் செத்திருக்கும். இது டேங்க்ல ஒட்டியிருந்த மிச்சம்.” வேண்டுமென்றே இல்லை என்றால் அஜாக்கிரதை, அதற்கும் தண்டனை உண்டுதானே என்றார் சாகிப். உண்டு என்றார் மேடம். ரோஜா வரிசையின் நுனியில் நின்றிருந்த சிவ்ராம் தலையைக் குனிந்துகொண்டார். பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிக்க அஜாக்கிரதையே போதும் என்று அவருக்கும் தெரியும்.

மேடம், சிவ்ராம், நான் மூவரும் ஸ்டோருக்கு வந்தோம். எந்த டேங்க் என்று மேடம் கேட்க, சிவ்ராம் வலது பக்கத்தைக் காட்டினார். மேடம் அதன் மூடியைத் திறந்து முகர்ந்தார். நெடி இல்லை. இடது பக்கத்ததை முகர்ந்தார். முகத்தைச் சுளித்து மூடினார். சிவ்ராம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வலது பக்கம்தான் எடுத்தேன் என்று மறுபடியும் சொன்னார், இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது. தன் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

மேடம் டேங்க் மேல் இருந்த எழுத்தை விரலால் தொட்டு, “இது என்ன எழுதியிருக்கு, படிங்க பாண்டியன் ஜி” என்றார். பூ என்று சொன்னேன். மற்றது? களை என்று சொன்னேன். “இந்த ஸ்டோர்ல இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரெல்லாம்?” நான் மட்டும் என்றேன். அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை மண்ணில் செருகிவிட்டு நிற்பாரே, அதே மாதிரி நின்றார்.

“மேடம், அன்னைக்கு டேங்க் இடம் மாறி இருந்தது. மாத்தி வெச்சது நான். அவர் வலது பக்கம்தான் எடுத்தார். விஷயம் தெரிஞ்சதும் பழைய இடத்துல திருப்பி வெச்சதும் நான்தான்.”

சொல்லி முடித்ததும் சாக்குமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சிவ்ராம் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் என்னைக் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நோட்டை எடுத்து அங்கேயே எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, “இந்த வருஷம் ரெண்டு தடவை இந்த ஸ்டோரை சோதிச்சு கையெழுத்துப் போட்டிருக்கேன். என்ன எழுதியிருக்குன்னு கேக்கவே இல்லை. அதையும் எழுதறேன்” என்றார். எழுதவும் செய்தார். அந்த அறிக்கையில் என் தப்புக்குக் கீழே அவர் தப்பும் இருந்தது. யாரும் கேட்காமல் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்ட மேலதிகாரியை என் சர்வீஸில் அவரைத் தவிர நான் பார்க்கவில்லை.

மாத்துர் சாகிப்பிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். போனேன். சாகிப் கத்தித் தீர்த்தார், கேட்டுக்கொண்டேன். கத்தி முடித்துவிட்டு, செடிகள் பிழைக்குமா என்று கேட்டார். பிறகு புகாரை வாபஸ் வாங்கிக் கடிதம் எழுதினார். மறுநாள் வாசலில் சிவ்ராமைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும், திட்டிய அதே இடத்தில், “என் வாயில தப்பான வார்த்தை வந்துடுச்சு” என்றார். முன்கோபிகளில் இப்படிப்பட்டவர்களும் உண்டு. எனக்கு மெமோ வந்தது. சிவ்ராம் மேல் எந்தப் புகாரும் இல்லை என்று நான் எழுதிய சான்றிதழும் பட்டியலோடு மேலே போயிற்று. குளிர்காலம் முடியும் முன் அவருக்கு நிரந்தர உத்தரவு வந்துவிட்டது.

ரோஜாக்களை உடனே வெட்டிவிடலாம் என்று நான் துடித்தேன். மேடம் விடவில்லை. முறுக்கிய நுனிகளை மட்டும் கிள்ளி, பாத்திகளில் கரித்தூள் கலந்து, நாள்விட்டு நாள் தண்ணீர் தேக்கி வடியவிடச் சொன்னார். அக்டோபர் இரண்டாவது வாரம் வரை காத்திருந்தோம். கவாத்து நாளில் சிவப்பு நூல் கட்டுவது சிவ்ராம், வெட்டுவது நான் என்று மேடம் பிரித்துக் கொடுத்தார். எந்தக் கிளை இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று சிவ்ராம்தான் தீர்மானித்தார். நூல் இல்லாத இடத்தில் என் கத்திரி படவே இல்லை. எட்டுச் செடிகள் போய்விட்டன. மிச்சம் நாற்பத்தைந்தும் வழக்கத்தைவிட மூன்று வாரம் தாமதமாக, டிசம்பர் கடைசியில், மூடுபனிக்கு நடுவே பூத்தன. சாகிப் வீட்டைக் காலி செய்த அன்று ஒரு கூடை பறித்து சிவ்ராம் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஸ்டோரில் எல்லாவற்றையும் ஹிந்தியில் மாற்றி எழுதினேன். படிக்காதவர்களுக்காகப் படமும் வரைந்தேன், பூச்சிமருந்து டேங்க்கில் ஒரு ரோஜா, களை டேங்க்கில் ஒரு மண்டையோடு. என் ரோஜா முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. சிவ்ராம் கவாத்து முடியும் வரை வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர என்னிடம் வேறு பேசவில்லை. அதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஒரு நாள் பெயின்ட் டப்பாவோடு வந்து, பழைய எழுத்தை எழுதிக் காட்டுங்கள் என்று கேட்டார். தரையில் எழுதிக் காட்டினேன். நாலைந்து முறை குச்சியால் மண்ணில் எழுதிப் பார்த்துவிட்டு, நான் வரைந்த முட்டைக்கோஸுக்குக் கீழே ‘பூ’ என்று எழுதினார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பத்து வருஷம் போயிற்று. மேடம் மாற்றலாகிப் போனார். சிவ்ராம் மாலிகளுக்குத் தலைவராக, சௌத்ரி ஆனார். டேங்க்குகள் உடைந்து புதிதாக வந்தன. ஒவ்வொரு புது டேங்க்கையும் அவரே சோடா போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, அதன் பிறகு அந்த எழுத்தை எழுதுவார். நான் ஓய்வு பெற்ற அன்று சாவியை ஒப்படைக்க ஸ்டோருக்குப் போனேன். அன்றைக்குத்தான் கேட்டேன். ஹிந்தி இருக்கிறது, படம் இருக்கிறது, இந்தத் தமிழ் எழுத்து எதற்கு?

சிவ்ராம் டேங்க்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “அன்னைக்கு இதைப் படிக்கத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான், பாண்டியன் ஜி. நீங்க என்ன படிச்சிருந்தாலும் நாங்க நம்பியிருப்போம். நீங்க பேசாம இருந்திருந்தாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

மேடத்துக்கு அடுத்து என் பெயரைச் சரியாகச் சொன்ன இரண்டாவது ஆள் அவர். நான் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்க அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ரேவதி அந்தத் தாளைத் திருப்பி என் முன் வைத்தார். மற்ற டேங்க்கில் தமிழ் எழுத்தே இல்லை, அதற்கு ‘களை’ என்று எழுதிக் கொடுத்தால் அப்படியே பார்த்து பெயின்ட்டில் எழுதிக்கொள்கிறேன் என்றார். பேனாவை எடுத்தேன், மறுபடி வைத்துவிட்டேன்.

“ரெண்டு டேங்க்கையும் ஆட்டோல போட்டு இங்க கொண்டு வாம்மா” என்றேன். “மூடியத் திறந்து மோந்து பாக்காம நான் எழுத மாட்டேன்.”